பழகிய கைதான் மெசினுக்குள் போகிறது

(கேகாலை மாவட்டத் தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றிக் கேட்கத்தான் வந்திருப்பீர்கள். அதைத் தலைவர் பேசுவார். நான் பேச வந்தது ரப்பர் ஸ்டோரில் ஷீட் அடிக்கும் உருளை மெசினைப் பற்றி.

புதிதாக வேலைக்கு வந்த பிள்ளையை அந்த உருளைக்கு முன்னால் நிறுத்திப் பாருங்கள். ஒரு முழம் தள்ளி நின்று, பயந்து பயந்துதான் ஷீட்டைக் கொடுக்கும். இருபது வருஷம் வேலை செய்த அண்ணன் கதை பேசிக்கொண்டே கொடுப்பார். ஒட்டிய பாலை, மெசின் ஓட ஓடவே விரலால் தட்டிவிடுவார். கேட்டால், "எனக்குத் தெரியாததா?" என்பார். அவருக்கு மெசினைத் தெரியும்தான். மெசினுக்கு அவரைத் தெரியாது.

ஒரு கணக்குப் பாருங்கள். ஆறு அங்குல உருளை நிமிடத்துக்கு 30 சுற்றுச் சுற்றுகிறது என்று வைப்போம். பார்வைக்கு மெதுவாகத்தான் தெரியும். ஆனால் விநாடிக்கு 9 அங்குலத்துக்கு மேல் உள்ளே இழுக்கிறது. விரல் சிக்கியதை உணர்ந்து கையை இழுக்க அரை விநாடியாவது ஆகும். அதற்குள் நாலரை அங்குலம் போய்விடும். விரல் முழுவதும், உள்ளங்கையில் பாதியும். பிறகு இழுத்தாலும் வராது. சுவிட்சை நிறுத்தினாலும் மெசின் உடனே நிற்காது. கையுறை போட்டால் பயமில்லை என்கிறார்கள் சிலர். உருளையில் முதலில் சிக்குவதே கையுறையும் வளையலும் முந்தானையும்தான்.

மெசின் மட்டுமல்ல. 2018 ஏப்ரலில் ஹொரணை, பெல்லப்பிட்டிய ரப்பர் தொழிற்சாலையில் நடந்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அமோனியா தாங்கிக்குள் ஒருவர் விழுந்தார். அவரைத் தூக்க மற்றவர்கள் போனார்கள். ஐந்து உயிர் போனது. அமோனியா நமக்குப் புதிதா? பால் உறையாமல் இருக்க ஊற்றுவதுதானே. வெளியில் நின்றால் கண் எரியும், அவ்வளவுதான். தாங்கிக்குள் அதுவே மூச்சை அடைத்துவிடும். காப்பாற்றப் போனவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் காற்று சிலிண்டரும் கயிறும் இல்லாமல் யாரும் அதற்குள் இறங்க வேண்டாம்.

விபத்து நடந்தால் தோட்டத்தில் முதலில் வரும் பேச்சு, "அவருடைய கவனயீனம்" என்பதுதான். 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டப்படி, ஆபத்தான பாகங்களுக்கு மூடி போடுவது நிர்வாகத்தின் கடமை. 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி, வெறும் கவனயீனம் என்று சொல்லி நட்டஈட்டை மறுக்க முடியாது. 2022 திருத்தத்தில் உச்சத் தொகை 20 இலட்சம் ரூபாயாகக் கூட்டப்பட்டது.

அதே சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது, இதைக் கவனமாகக் கேளுங்கள். குடித்திருந்தாலோ, பாதுகாப்புக்காகத் தெளிவாகச் சொன்ன கட்டளையை வேண்டுமென்றே மீறியிருந்தாலோ, பாதுகாப்பு மூடியை வேண்டுமென்றே கழற்றியிருந்தாலோ, மரணமில்லாத காயத்துக்கு நட்டஈடு இல்லை என்று நிர்வாகம் வாதாடலாம். கையும் போய், காசும் போய் நிற்க வேண்டிவரும்.

மூடியை ஏன் கழற்றுகிறோம்? வீறாப்பு மட்டும் காரணமில்லை. மூடி இருந்தால் அடைக்கிறது, கழுவ நேரமாகிறது, வேலை முடியாவிட்டால் அரைப்பேர் போடுவார்கள் என்ற பயம். அந்தப் பயத்தைச் சங்கம் பேசித் தீர்க்க வேண்டும், விரலைக் கொடுத்துத் தீர்க்கக்கூடாது. யாராவது கழற்றச் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். தரமாட்டார்கள். சொன்னவர் யார், எந்தத் திகதி, எந்த மெசின் என்று அன்றைக்கே உங்கள் தலைவரிடம் சொல்லுங்கள். சங்கம் கடிதம் அனுப்பும்.

சாப்பாட்டுக்குப் போகுமுன், உங்கள் பெக்டரியிலும் ரப்பர் ஸ்டோரிலும் மூடி இல்லாத மெசின் எத்தனை என்று எழுதி மேசையில் கொடுத்துவிட்டுப் போங்கள்.