பேரைப் பார்க்காதீங்க, பயிற்சியைப் பாருங்க!

(தலைப்பு: ஊடகப் படிப்பில் பிள்ளைகளைச் சேர்க்கும்போது பெற்றோர் முதலில் பார்க்க வேண்டியது கல்லூரியின் பெயரா? உள்ளே கிடைக்கும் பயிற்சியா? ‘பயிற்சியே’ என்ற அணியில் பேசியது.)



எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழி ரொம்ப அழகாகப் பேசினார்கள். “கல்லூரிப் பேரைச் சொன்னாலே பாதி வேலை கிடைச்ச மாதிரி”ன்னாங்க. சரிங்கம்மா, ஒத்துக்கிறேன். மீதிப் பாதி வேலையை யாரு வாங்கித் தர்றது? (சிரிப்பு, கைதட்டல்)

நம்ம ஊர்ப் பாட்டிமார்கள் தெலுங்கு தெரியுதோ தெரியலையோ, ஒரு தெலுங்குப் பழமொழி மட்டும் சுத்தமாகச் சொல்வார்கள். “பேரு பெத்த பேரு, தாக நீலு லேது.” பேரு பெரிய பேரு, தாகத்துக்குக் குடிக்கத் தண்ணி இல்லே! எங்கள் அணியின் வாதம் முழுக்க அந்த ஒரு வரியில் அடங்கிவிட்டது. ஆனாலும் நடுவர் எட்டு நிமிஷம் கொடுத்திருக்கிறார், விட்டுட்டுப் போக மனசு வருமா? (சிரிப்பு)

நடுவர் அவர்களே, நான் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறவள். வருஷா வருஷம் மே மாதம் ரிசல்ட் வந்த மறுநாள் எங்க வீட்டு வாசல்ல நாலு பெற்றோராவது நிப்பாங்க. “டீச்சர், பாப்பா விஸ்காம் படிக்கணும்ங்குறா. எந்தக் காலேஜ் நல்ல காலேஜ்?” அவ்வளவுதான் கேள்வி. பொறியியல் என்றால் கட்-ஆஃப் இருக்கிறது, கலந்தாய்வு இருக்கிறது, எந்த மார்க்குக்கு எந்த இடம் என்று டீக்கடையிலேயே சொல்லிவிடுவார்கள். ஊடகப் படிப்புக்கு அப்படி ஒரு தராசு ஜனங்க கையில இல்லே. தராசு இல்லாதவன் என்ன செய்வான்? கண்ணால பார்த்து எடை போடுவான். கட்டடம் பெரிசா இருக்கா, வாசல் வளைவு உயரமா இருக்கா, கல்யாண வீட்டுல பேரைச் சொன்னா நாலு பேரு “ஓ!”ங்கிறாங்களா, அதுதான் எடை!

முதலில் இந்தப் படிப்பு என்ன என்றே பல வீடுகளில் தெரியாது. ஒரு அப்பா என்னிடம் கேட்டார், “விஸ்காம் முடிச்சா நேரா டைரக்டர் ஆயிடலாம்ல டீச்சர்?” நான் சொன்னேன், “பிளஸ் டூ முடிச்சா நேரா கலெக்டர் ஆயிடலாமா ஐயா?” (சிரிப்பு)

விஷுவல் கம்யூனிகேஷன் என்றால் ஓவியம், புகைப்படம், வடிவமைப்பு, விளம்பரம், வீடியோ, படத்தொகுப்பு என்று கண் வழியாகச் சேதி சொல்லும் கலை. ஜர்னலிசம் என்றால் சேதி சேகரிப்பது, சரிபார்ப்பது, எழுதுவது, திருத்துவது, பத்திரிகைச் சட்டம். எலக்ட்ரானிக் மீடியா என்றால் வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சித் தயாரிப்பு. மாஸ் கம்யூனிகேஷன் என்றால் இதிலெல்லாம் ஒரு கரண்டி. எழுதவே பிடிக்காத பிள்ளையை ஜர்னலிசத்தில் தள்ளுவதும், பக்கம் பக்கமாக எழுதுகிற பிள்ளையைக் கேமராதான் கௌரவம் என்று விஸ்காமில் தள்ளுவதும், காலைப் பார்க்காமல் செருப்பு வாங்குகிற கதை.

இன்னொன்று. தன்னாட்சிக் கல்லூரிகள் பாடத்திட்டத்தைத் தாங்களே வகுத்துக்கொள்கின்றன. அதனால் பட்டத்தின் பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கிற சரக்கு ஒன்றாக இருக்காது. சாம்பார் என்று பெயர் வைத்தால் எல்லா வீட்டு சாம்பாரும் ஒரே ருசியா? ஊத்திப் பார்த்தாத்தானே தெரியும்!

எங்க ஊர்ல நடந்ததைச் சொல்றேன். என் மாணவி ஒருத்தி. அப்பா தையல் கடை வைத்திருப்பவர். அம்மா கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து, நகரத்தில் பெயர் பெற்ற ஒரு கல்லூரியில் சேர்த்தார்கள். பேரு வேண்டாம், பேருதானே இங்க பிரச்சினையே! (சிரிப்பு) முதல் வருஷம் முழுக்க அவள் கேமராவைப் பார்த்தது கண்ணாடி அலமாரிக்குள்ளே. இரண்டாம் வருஷம் கேமரா வெளியே வந்தது. அறுபது பிள்ளைகளுக்கு இரண்டு கேமரா. ஒருத்தர் படம் பிடிக்க, ஒருத்தர் முக்காலியைப் பிடிக்க, மிச்சப் பேரெல்லாம் வேடிக்கை பிடிக்க! கடைசி வருஷக் குறும்படத்துக்கு வெளியே வாடகைக்குக் கேமரா எடுக்கச் சொன்னார்கள். அதுக்கு அப்பா தையல் மெஷினை அடகு வைத்தார். படிப்பு முடிந்து வந்து என்னிடம் அந்தப் பெண் சொன்னாள், “மூணு வருஷத்துல நான் அந்தக் கேமராவைத் தொட்டது நாலே தடவை டீச்சர்.” அவளுக்குப் பட்டம் இருந்தது. கல்லூரிக்குப் பெயர் இருந்தது. வேலை கேட்டுப் போன இடத்தில் ஒரே கேள்விதான் கேட்டார்கள், “நீ செஞ்சது எதையாவது காட்டும்மா.” காட்ட என்ன இருக்கு? வாசல் வளைவு முன்னாடி நின்னு எடுத்த போட்டோவா?

அதே வகுப்பில் படித்த இன்னொருத்தி, பக்கத்து மாவட்டத் தலைநகரில் அதிகம் வெளியே தெரியாத ஒரு கல்லூரியில் ஜர்னலிசம் சேர்ந்தாள். அங்கே பதினைந்து நாளுக்கு ஒருமுறை பிள்ளைகளே எழுதி, பிள்ளைகளே பக்கம் கட்டி ஒரு பயிற்சி இதழ் கொண்டுவர வேண்டும். பேருந்து நிலையத்தில் பூ விற்கிற பெண்களுக்குக் கழிப்பறை இல்லை என்று ஒரு கட்டுரை எழுதிக்கொண்டு போனாள். அவளுடைய பேராசிரியை கேட்ட முதல் கேள்வி, “எத்தனை பேர்கிட்டே பேசினே?” “மூணு பேர்கிட்டே மேடம்.” “நகராட்சி என்ன சொல்லுது?” “கேக்கலை மேடம்.” “போய்க் கேட்டுட்டு வா.” மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது நமக்கெல்லாம் தெரியும். பத்து ரூபாய் கட்டி அந்தச் சட்டத்தில் மனுப் போடுவது எப்படி என்று, இருபது வயசு தாண்டாத அந்தப் பெண் அன்றைக்குக் கற்றுக்கொண்டாள். வேலை கேட்டுப் போனபோது அவள் கையில் ஒரு கோப்பு இருந்தது. அதில் அவள் பெயரோடு வந்த கட்டுரைகள் முப்பதுக்கு மேல். கல்லூரிப் பெயரை யாரும் கேட்கவில்லை, நடுவர் அவர்களே! (கைதட்டல்)

முதலில் சொன்னேனே, அந்தப் பெண்ணும் தோற்றுப்போகவில்லை. ஒரு கல்யாண வீடியோ எடுக்கும் இடத்தில் சேர்ந்து ஆறே மாதத்தில் படத்தொகுப்பு கற்றுக்கொண்டாள். நான் கேட்பது இதுதான்: அந்த ஆறு மாசத்தை அந்தக் கல்லூரி மூணு வருஷத்துல கொடுத்திருக்கக் கூடாதா? சங்கிலி போனது எதுக்கு, தையல் மெஷின் போனது எதுக்கு?

எதிரணி நண்பர் ஒருவர், “அந்தக் காலத்துல எந்தப் பத்திரிகைக்காரர் ஜர்னலிசம் படிச்சார்?” என்று கேட்டார். நல்ல கேள்வி. 1878ஆம் வருஷம். சென்னை உயர் நீதிமன்றத்தில் முதல் இந்திய நீதிபதியாக முத்துசாமி ஐயர் நியமிக்கப்படுகிறார். அன்றைய ஆங்கிலேயர் பத்திரிகைகள் அதைத் தாக்கி எழுதுகின்றன. பதில் சொல்ல நமக்கென்று ஒரு பத்திரிகை இல்லை. ஆறு இளைஞர்கள் சேர்ந்தார்கள். இரண்டு பேர் ஆசிரியர்கள், நாலு பேர் சட்ட மாணவர்கள். கடன் வாங்கிய ஒண்ணே முக்கால் ரூபாயில் எண்பது பிரதி அச்சடித்தார்கள். அதுதான் ‘தி இந்து’. அதில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882இல் ‘சுதேசமித்திரன்’ தொடங்கினார். அவரும் என்னைப் போல ஒரு வாத்தியார்தான், அதுல எனக்கு ஒரு பெருமை! (சிரிப்பு) அப்போது ஜர்னலிசத்துக்குக் கல்லூரியே உலகத்தில் கிடையாது. அமெரிக்காவில் மிசௌரி பல்கலைக்கழகம் இதழியலுக்கென்று பள்ளி திறந்ததே 1908இல்தான். ஆக, எதிரணி நண்பர் காட்டிய உதாரணத்தில் கல்லூரிப் பெயர் எங்கே இருக்கு? இருந்தது எல்லாம் செய்து செய்து பழகிய பழக்கம். அவர் எங்களுக்காக வாதாடியதற்கு நன்றி! (பலத்த கைதட்டல்)

“அப்படின்னா படிப்பே வேண்டாமே, கையில போன் இருக்கு, யூடியூப் இருக்கு”ன்னு ஒரு தம்பி அங்கேயிருந்து சொல்றாரு. தம்பி, போன் படம் பிடிக்கும். எதைப் பிடிக்கக் கூடாதுன்னு போன் சொல்லாது. பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தையின் பெயரையோ, படத்தையோ, பள்ளியையோ, அடையாளம் தெரிகிற மாதிரி எதையுமோ ஊடகம் வெளியிடக் கூடாது என்று 2012ஆம் வருஷத்து போக்சோ சட்டம் சொல்கிறது. அது தெரியாதவன் கையில் இருக்கிற கேமரா, குழந்தை கையில் இருக்கிற அரிவாள். இன்றைக்கு ஒரு நொடியில் கம்ப்யூட்டரே கட்டுரை எழுதிக் கொடுக்கிறது. ஆனால் பூக்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அவங்க சொல்ல வந்து சொல்லாமல் விட்டதையும் கேட்டுக்கொள்கிற காது? அது வளர்வதற்குப் பழக்கம் வேண்டும், திருத்துவதற்கு ஒரு ஆசிரியர் வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004இல் வளாகச் சமுதாய வானொலி தொடங்கினார்கள். இந்தியாவிலேயே அந்த வகையில் முதல் வானொலி. மாணவர்களும் அக்கம்பக்கத்து மக்களும் அதில் நிகழ்ச்சி செய்தார்கள். பேசக் கற்றுக்கொள்வது அங்கே பாதிதான். கேட்கக் கற்றுக்கொள்வது மீதி.

கல்லூரிப் பெயருக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பழைய மாணவர்கள் நாலு இடத்தில் இருப்பார்கள், கதவைத் தட்டினால் திறப்பார்கள். உண்மை. ஆனா கதவைத் திறந்துவிடத்தான் பேரு உதவும். உள்ளே போய் உட்காரக் கையில தொழில் வேணும்.

அதனால் பெற்றோர்களே, விண்ணப்பம் வாங்கப் போகும்போது வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள். உள்ளே போங்க. இரண்டாம் வருஷப் பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிட்டு, “கண்ணு, போன வாரம் நீ என்ன செஞ்சே?”ன்னு கேளுங்க. “படிச்சேன்”னு சொன்னா யோசிங்க. “இதைச் செஞ்சேன்”னு எடுத்துக் காட்டினா சேருங்க. எத்தனை பிள்ளைக்கு எத்தனை கேமரா, எத்தனை கம்ப்யூட்டர் என்று எண்ணுங்கள். பயிற்சி இதழ் உண்டா, கடைசியாக வந்த இதழின் தேதி என்ன என்று பாருங்கள்; மூணு வருஷத்துக்கு முந்தின தேதின்னா, நைசா நகர்ந்துடுங்க! (சிரிப்பு) பாடம் நடத்துகிறவர்களில் ஒருவராவது பத்திரிகையிலோ வானொலியிலோ வேலை பார்த்தவரா? விடுமுறைப் பயிற்சிக்கு எங்கே அனுப்புகிறார்கள்? கட்டணத்துக்கு மேல் குறும்படம், சுற்றுலா என்று எவ்வளவு ஆகும்? அதையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். பட்டம் தருகிற பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா? போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலைப் பல்கலைக்கழக மானியக் குழுவே வெளியிடுகிறது, ஒருதடவை பார்த்துவிடுங்கள்.

கேட்ட இடம் கிடைக்காவிட்டால் கண்ணீர் விடவும் வேண்டாம். தமிழோ, வரலாறோ, பொருளாதாரமோ படித்துப் பட்டம் வாங்கிவிட்டு அதற்குமேல் இதழியல் முதுநிலையிலும் டிப்ளமாவிலும் சேரலாம். அந்த வழியாக வந்தவர்கள் இந்தத் துறையில் நிறையப் பேர்.

மணி அடித்துவிட்டார் நடுவர். முடித்துக்கொள்கிறேன் ஐயா. சங்கிலியை அடகு வைத்துப் பிள்ளையைச் சேர்க்கிற ஒரு தாய் வாங்குவது பிள்ளையின் மூன்று வருஷத்தை. அந்த மூன்று வருஷமும் பிள்ளையின் கையில் இருக்க வேண்டுமா, கண்ணாடி அலமாரிக்குள் இருக்க வேண்டுமா? அலமாரியைத் திறந்துவிடுகிற தீர்ப்பைத் தாருங்கள் என்று கேட்டு விடைபெறுகிறேன். (கைதட்டல்)