பஞ்சமி நிலமும் பத்து ரூபாய் வில்லையும்

(இளைஞர்களுக்கான சட்டப் படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பஞ்சமி நிலத்தைப் பற்றி மேடைகளில் நிறையப் பேசிவிட்டோம். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891-இல் கொடுத்த அறிக்கை, 1892-இல் வந்த அரசாணை, பன்னிரண்டு லட்சம் ஏக்கர், 1994-இல் காரணை நிலத்துக்கான போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியான ஜான் தாமசும் ஏழுமலையும்... எல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் வேறொன்று கேட்கிறேன். உங்கள் ஊரில் பஞ்சமி நிலம் எந்தப் புல எண்ணில் இருக்கிறது? கை தூக்குங்கள் பார்க்கலாம்.

ஒருவரும் இல்லை. இதில் உங்கள் தவறு எதுவுமில்லை. நிலம் கைமாறிய வரலாற்றில் பாதி, காகிதம் கைக்கு எட்டாமல் போன வரலாறுதான்.

அந்த நிலத்தை ஒடுக்கப்பட்ட வகுப்பார் பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். வேறு சாதியார் வாங்கியது செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஆக, ஒரு புல எண் பஞ்சமி நிலம் என்று காட்டும் ஒரு பதிவு கிடைத்தால் வழக்குக்குக் கால் முளைத்துவிடும். அந்தப் பதிவு எங்கே? இன்று ‘அ’ பதிவேட்டை இணையத்தில் யாரும் பார்க்கலாம், நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதில் இருப்பது 1980-களில் நடந்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிந்தைய பெயர்கள். நாம் யு.டி.ஆர். என்று சொல்வோமே, அது. நமக்கு வேண்டியது அதற்கு முந்தைய பதிவேடு. ‘டி.சி. நிலம்’ என்ற குறிப்பு அதில்தான் கிடைக்கும். அது பீரோவுக்குள் இருக்கிறது. பீரோவின் சாவி யாரிடம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்துப் பெரியவர்களோடு வட்டாட்சியர் அலுவலகம் போனேன். எந்த ஊர் என்பது இங்கே வேண்டாம். பழைய பதிவேட்டின் நகல் கேட்டோம். "இது எதுக்கு உங்களுக்கு?" என்றார் எழுத்தர். என்னோடு வந்த அறுபது வயதுக்காரர் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு பதில் சொல்லத் தொடங்கிவிட்டார். தாத்தா பெயர், பாட்டி பெயர், எல்லாம். நான்தான் நிறுத்தினேன். தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(2): எதற்கு என்று அவர்கள் கேட்கவே கூடாது. அன்று மாலை பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஒரு மனு போட்டோம். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வந்தது, ஒரே வரி: "கோரப்பட்ட பதிவேடு அலுவலகத்தில் கிடைக்கப்பெறவில்லை."

பெரியவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை.

எங்களைக் காப்பாற்றியது பி.ஏ. இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த அவருடைய பேத்தி. கைப்பேசியில் ‘இந்தியன் கானூன்’ தளத்தைத் திறந்து ‘காணாமல் போன கோப்பு’ என்பதை ஆங்கிலத்தில் தேடினாள். 2013-இல் டெல்லி உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பு ஒன்று கிடைத்தது, விஸ்வாஸ் பாம்புர்கர் வழக்கு. பதிவேட்டில் இருந்த ஆவணத்தைக் காணோம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது, முழுமையாகத் தேட வேண்டும், காணாமல் போனதற்கு யார் பொறுப்பு என்று கண்டறிய வேண்டும் என்கிறது அது. அகராதியை வைத்துக்கொண்டு மூன்று இரவு படித்தோம். டெல்லி தீர்ப்பு இங்கே அப்படியே கட்டுப்படுத்தாது, ஆனால் எடுத்துக்காட்டலாம். காட்டி மேல்முறையீடு செய்தோம். பதிவேட்டின் சில பக்கங்கள் எப்படியோ ‘கிடைத்துவிட்டன’.

அந்தத் தளம் 2008-இல் சுஷாந்த் சின்ஹா என்ற கணினிப் பொறியாளர் தொடங்கியது. அதற்கு முன் தீர்ப்பு வேண்டுமென்றால் பெரும்பாலும் வழக்கறிஞர் அலமாரியிலுள்ள தொகுதிகளையோ சந்தா கட்டும் தரவுத்தளத்தையோதான் நாட வேண்டியிருந்தது. தீர்ப்பின் மூல வாசகத்துக்கு எந்தப் பதிப்பகமும் உரிமை கொண்டாட முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் மோடக் வழக்கில் 2007 டிசம்பரில்தான் தெளிவாக்கியது. உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்புத் தொகுப்பை இலவசமாக இணையத்தில் தேடக் கொடுத்தது 2023-இல். மக்கள் வரிப்பணத்தில் எழுதிய தீர்ப்பை மக்கள் படிக்க இத்தனை காலம்!

மொழி இன்னொரு பூட்டு. 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புகளை மாநில மொழிகளில் வெளியிடப் போவதாக அறிவித்தபோது முதல் பட்டியலில் தமிழ் இல்லை. இங்கிருந்து குரல் எழுந்த பிறகே சேர்த்தார்கள். உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று 2006-இல் சட்டப்பேரவை போட்ட தீர்மானம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. அந்தப் பேத்தி வீட்டில் இல்லாத சேரிகளில் என்ன செய்வார்கள்?

இப்போது புதிதாக ஒரு ஆபத்து. 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவை மாற்றி எழுதியது. முன்பு, பொது நடவடிக்கையோடு தொடர்பில்லாத, அல்லது அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடும் தனிப்பட்ட தகவலை மட்டும்தான் மறுக்கலாம், அதிலும் பொதுநலன் இருந்தால் கொடுக்க வேண்டும். சட்டமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்க முடியாது என்ற வரியும் இருந்தது. அந்த வரியே போய்விட்டது. ‘தனிநபர் தகவல்’ என்ற ஒரே சொல் போதும் என்றாகிவிட்டது. பஞ்சமி நிலத்தை யார் பெயருக்கு, யார் கையெழுத்தில் மாற்றினார்கள் என்று கேட்டால் என்ன பதில் வரும்? பெயரே தனிநபர் தகவல்தானே! ஆக்கிரமித்தவரின் அந்தரங்கத்துக்கு வந்த இந்த அக்கறை, நிலத்தை இழந்தவர் மீது 130 ஆண்டுகளில் ஒருநாளும் வரவில்லை.

ஆனால் பிரிவு 8(2) இன்னும் இருக்கிறது. வெளியிடுவதில் உள்ள பொதுநலன் பாதிப்பைவிடப் பெரிது என்றால் தகவலைத் தரலாம். இனி மனு எழுதும்போது அந்தப் பிரிவைக் குறிப்பிட்டே எழுதுங்கள்.

அடுத்த ஞாயிறு நாம் மனு எழுதப் பழகப் போகிறோம். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. எந்தப் புல எண், எந்த ஆண்டுப் பதிவேடு, எந்தப் பக்கம் என்று ஆவணத்தைக் கேளுங்கள். நேரில் பார்வையிடவும் கேளுங்கள், முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. முப்பது நாள் ஆனால் முதல் மேல்முறையீடு, அதற்கும் பதில் இல்லையென்றால் தொண்ணூறு நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். அஞ்சல் ரசீதைத் தொலைக்காதீர்கள். வரும்போது வீட்டிலுள்ள பழைய கிஸ்தி ரசீது, தாத்தா காலத்துக் காகிதம் எது இருந்தாலும் எடுத்து வாருங்கள், கறையான் அரித்திருந்தாலும் பரவாயில்லை.