நாய்க்கும் கதிர்வீச்சு சிகிச்சை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"நாய்க்கெல்லாம் ரேடியேஷனா சார்?" என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. ஆமாம். அமெரிக்காவில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனை போன்ற இடங்களில், மனிதருக்குப் பயன்படும் லீனியர் ஆக்சிலரேட்டர்தான் நாய்க்கும்.

ஐந்தாறு வயதைத் தாண்டிய நாய்க்கு முதல் தடவையாக வலிப்பு வந்தால், மாத்திரையோடு நிறுத்திவிடாதீர்கள். மூளைக் கட்டியாக இருக்கலாம். எம்.ஆர்.ஐ. எடுத்தால் தெரியும். அதிகம் காணப்படுவது மூளை உறையில் வளரும் மெனிஞ்சியோமா. பாக்ஸர் போன்ற சப்பை மூக்கு இனங்களில் கிளையோமாவும் அதிகம்.

வழக்கமான முறையில் 15 முதல் 20 தவணை. மூன்று நான்கு வாரம். இடைவெளியில் நல்ல திசு தன்னைச் சரிசெய்துகொள்ளும். நாயிடம் "ஆடாம படு"ன்னு சொல்ல முடியுமா? ஒவ்வொரு தவணைக்கும் மயக்க மருந்து கொடுத்தாக வேண்டும். கட்டியைத் துல்லியமாகக் குறிவைத்து ஐந்து தவணைக்குள் முடிக்கும் முறையும் இப்போது உண்டு.

வளர்ப்பவர் கேட்பது ஒன்றுதான்: "பொழச்சிடுமா டாக்டர்?" மழுப்பாதீர்கள். ஸ்டீராய்டும் வலிப்பு மருந்தும் மட்டும் என்றால் பெரும்பாலும் சில வாரங்கள், சில மாதங்கள். கதிர்வீச்சு கொடுத்தால் பல நாய்கள் ஓராண்டும் அதற்கு மேலும் இருக்கின்றன. ஆனால் கட்டி திரும்பலாம். மாதங்கள் கழித்துப் பக்கவிளைவும் வரலாம். நாம் தருவது அவகாசம், பூரண குணமல்ல. அந்த நாட்களில் நாய் சாப்பிட்டு, வாலாட்டி, வீட்டாரை அடையாளம் கண்டு வாழுமா என்பதே கணக்கு. செலவும் பெரிது. "வேண்டாம் சார்" என்பவரைக் குற்றவாளியாகப் பார்க்காதீர்கள். அவரும் அந்த நாயை நேசிப்பவர்தான்.