கணினி வட்டில் எல்லைக் கற்கள்



ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோயிலுக்குப் போகும் சாலையில் சென்றவர்கள், இருபுறமும் தொழிற்சாலைகளின் நீண்ட மதில்களைக் கண்டிருப்பார்கள். சிப்காட் நிறுவனம் நிலத்தை அளந்து, மனைகளாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்த பின்னரே அவற்றுள் பல எழுந்தன. மண் முன்பும் இருந்தது, இன்றும் இருக்கிறது. புதிதாக வந்தவை எல்லைக் கற்களும், அவற்றைக் குறித்து வைத்த ஏடுமேயாகும்.

இதே பகுதியில் 2007ஆம் ஆண்டில் டெல் நிறுவனம் கணினி செய்யும் ஆலையைத் தொடங்கிற்று. இயங்குதளத்தோடு விற்பனைக்குச் செல்லும் எந்தக் கணினியாயினும், அதன் வட்டும் முன்னரே மனைகளாக வகுக்கப்பட்டிருக்கும். அம்மனையைப் பிரிவு என்போம். தொழிலில் உள்ளவர்கள் பார்ட்டிஷன் என்பார்கள். 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒரே வட்டில் குடியிருந்தன. இரண்டு குடும்பங்கள் ஒரே மனையில் சச்சரவின்றி வாழ்ந்ததற்குக் காரணம், இடையில் இருந்த எல்லைதான்.

அந்த எல்லையைக் குறித்த ஏடு எங்கே இருக்கிறது? 1983ஆம் ஆண்டில் வந்த பழைய முறையில், வட்டின் முதற் கட்டமாகிய 512 பைட்டுகளுக்குள்ளேயே அது அடங்கிவிடும். அவற்றுள் 446 பைட்டுகள் கணினியை எழுப்பும் சிறு நிரலுக்கு உரியன. 64 பைட்டுகள் பிரிவுப் பட்டியல். எஞ்சிய 2 பைட்டுகள் முத்திரை. ஒரு பிரிவுக்கு 16 பைட்டு வீதம் நான்கு பிரிவுகளுக்கே அதில் இடம் உண்டு. மேலும், கட்டங்களை எண்ண அதில் 32 இருமங்களே இருந்தமையால், 512 பைட்டுக் கட்டங்கள் கொண்ட வட்டில் ஏறத்தாழ 2.2 லட்சம் கோடி பைட்டுகளுக்கு அப்பால் அதனால் எட்ட இயலவில்லை. பின்னர் வந்த ஜி.பி.டி. முறையில் வழக்கமாக 128 பிரிவுகளுக்கு இடம் உண்டு. பட்டியலின் மறுபடி ஒன்றும் வட்டின் கடைசியில் வைக்கப்படுகிறது.

ஏடு சிறிது, அது காக்கும் பொருளோ பெரிது. இதை நான் நூலில் கற்றதைக் காட்டிலும், என் பிழையால் கற்றதே மிகுதி.

பத்தாண்டுகளுக்கு மேல் ஆகிறது. இப்பகுதியிலுள்ள ஒரு தொழிற்சாலையில் இளநிலைப் பணியாளனாக இருந்தேன். உதிரி உறுப்புகளின் சோதனைப் பதிவுகளைச் சேர்க்கும் லினக்ஸ் கணினி ஒன்றில் புதிய வட்டைப் பொருத்திப் பிரிக்கும் வேலை எனக்குத் தரப்பட்டது. அக்கணினியில் படங்களைச் சொடுக்கும் வசதி இல்லை. எழுத்தால் கட்டளையிடும் கருந்திரை மட்டுமே உண்டு. எஃப்டிஸ்க் என்ற கருவியை அழைத்து, பழைய பிரிவுகளை நீக்கி, புதியது ஒன்றை வரைந்து, எழுதுக என்று பொருள்படும் 'டபிள்யூ' எழுத்தை அழுத்தினேன். மறுகணமே ஓர் எச்சரிக்கை தோன்றிற்று: வட்டு பயன்பாட்டில் இருக்கிறது; பழைய பட்டியலே இன்னும் நடப்பில் உள்ளது; புதியது மறுதொடக்கத்தின்போது நடைமுறைக்கு வரும். புதிய வட்டு எப்படிப் பயன்பாட்டில் இருக்க முடியும்? எஸ்.டி.பி. என்று எழுதுவதற்குப் பதிலாக எஸ்.டி.ஏ. என்று எழுதியிருந்தேன். பதிவுகள் இருந்த வட்டின் பட்டியலைத்தான் அழித்திருந்தேன்.

என் கை, கணினியை நிறுத்தும் பொத்தானை நோக்கிப் போயிற்று. மேற்பார்வையாளர் என் தோளைப் பற்றினார். "தம்பி, அணைக்காதே. எதையும் எழுதாதே. மண் எங்கும் போகவில்லை, ஏடுதான் போயிற்று" என்றார். பின்பு பராமரிப்புக் குறிப்பேட்டைத் திறந்தார். ஒவ்வொரு பிரிவும் எந்தக் கட்டத்தில் தொடங்கி எந்தக் கட்டத்தில் முடிகிறது என்பதை முன்பே அவர் தம் கையால் எழுதி வைத்திருந்தார். இயங்கும் கணினி இன்னும் நினைவில் வைத்திருந்த எண்களோடு அவற்றை ஒப்பிட்டோம். அப்படியே மீண்டும் எழுதினோம். மறுதொடக்கம் செய்தபோது பதிவுகள் அனைத்தும் இருந்த இடத்திலேயே இருந்தன.

இதிலிருந்து நீங்கள் கொள்ளத்தக்கவை சில உண்டு. முதலாவது, வட்டை அடையாளம் காணுதல். எல்.எஸ்.பி.எல்.கே. என்னும் கட்டளை வட்டுகளை வரிசைப்படுத்திக் காட்டும். கேட்டால் அளவோடு மாதிரிப் பெயரையும் வரிசை எண்ணையும் சொல்லும். இன்று 'ஏ' என நின்றது நாளை 'பி' ஆகலாம். வரிசை எண் மாறாது. ஆகையால் பெயரை நம்பாமல் எண்ணை நம்புங்கள். இரண்டாவது, எஸ்.எஃப்.டிஸ்க் கருவியால் பட்டியலின் படியை எடுத்து, வேறொரு வட்டிலோ தாளிலோ காத்து வைத்தல்.

மூன்றாவது, கருவியின் இயல்பை அறிதல். எஃப்டிஸ்க்கில் 'டபிள்யூ' அழுத்தும் வரை நீங்கள் வரைவதெல்லாம் பென்சில் கோடு. 'க்யூ' அழுத்தினால் ஒன்றும் நேராமல் வெளியேறலாம். பார்ட்டெட் என்ற கருவியிலோ இட்ட கட்டளை அப்பொழுதே நிறைவேறும். நான்காவது, வரிசை தவறாமை. பிரிவைச் சுருக்கும்போது முதலில் உள்ளிருக்கும் கோப்பு முறைமையைச் சுருக்கி, பிறகே எல்லையை நகர்த்த வேண்டும். பெரிதாக்கும்போது முதலில் எல்லை. பிறகு கோப்பு முறைமை. வீட்டை ஒதுக்காமல் வேலியை உள்ளே தள்ளினால் சுவர் இடிபடும் அன்றோ?

ஓர் எச்சரிக்கையும் உண்டு. எல்லையை அழித்தால் ஏட்டைக் கொண்டு மீட்கலாம். புதிய கோப்பு முறைமையை அமைப்பதோ நிலத்தின் மேலேயே ஏர் பூட்டுவது போன்றது. அப்பிழைக்குப் பட்டியலின் படி உதவாது. கோப்புகளின் படியே உதவும்.

கருந்திரை கடுமையானதன்று. நாம் சொன்னதைச் சொன்னபடி செய்வதே அதன் இயல்பு. ஆதலால் சொல்லுமுன் ஒருமுறை உரக்கப் படித்துப் பார்ப்பது நம் கடமை. வெறுமையான பழைய பென் டிரைவ் ஒன்றை எடுத்துப் பழகுங்கள். அருகில் ஒரு குறிப்பேட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். அன்று அந்தத் தொழிற்சாலையின் பதிவுகளைக் காத்தது விலையுயர்ந்த கருவி அன்று. பொறுமையுள்ள ஒருவர் எழுதி வைத்த சில எண்களே.