ஐந்தாம் படிவத்துக்கு அப்பால்



தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்த நம் பிள்ளை, புகுமுக வகுப்பைத் தாண்டி ஐந்தாம் படிவமும் தேறிவிடுகிறான். அதற்கப்பால்? கல்லூரி மனுவை நிரப்பித் தர ஆளில்லை. இடம் கிடைத்தாலும் சேரும் நாளில் கட்டப் பணமில்லை. கல்விக் கடனோ பிறகுதான் வரும். இந்த இடைவெளியில்தான் பிள்ளை தொழிற்சாலைக்குப் போய்விடுகிறான்.

அரசாங்கமே பார்த்துக்கொள்ளட்டும் என்று நம்மவர் இருந்ததில்லை. 1950-களில் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதி திரட்டியபோது, மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்காகப் பால்மரம் வெட்டியவர்களும் ஆளுக்கொரு வெள்ளி கொடுத்தார்கள். அந்த வாசலை மிதிக்காதவர்கள் கொடுத்த வெள்ளி அது! 1982-ல் டாக்டர் எம். தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையத்தில், பல்கலைக்கழக மாணவர்களே தம்பி தங்கைகளுக்குப் பாடம் சொன்னார்கள்.

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கோயில் உண்டு, கூட்டுறவுச் சங்கம் உண்டு, பட்டதாரிகள் உண்டு. தனித்தனியே பரிசளிப்பு விழா நடத்தி மாலை போடுவதோடு சரி. மாலை பஸ் கட்டணமாகுமா? சேரும் நாள் பணத்தைச் சங்கக் கிளை கைமாற்றாகக் கொடுக்கட்டும். கோயிலார் நகரில் தங்க இடம் தேடித் தரட்டும். கிராணிமார்களாகிய நாங்கள் மனு எழுதுகிறோம். முதலாண்டு முடியும்வரை பட்டதாரி ஒருவர் மாதமொருமுறை பிள்ளையைப் போய்ப் பார்க்கட்டும்.

ஐந்தாம் படிவப் பிள்ளைகளின் பெயரை இம்மாதமே கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். பெண்பிள்ளைகளின் பெயரையும்.