ஊர்க் கணக்கும் தாய்க் கணக்கும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வீட்டில் குழம்பு அடிப்பிடிப்பதையும் மறந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே!

காட்டை வாழவைப்பவை பெரிய உயிர்களா, சின்ன உயிர்களா? சின்ன உயிர்களே என்று பேச வந்திருக்கிறேன். காலையில் என் சம்சாரம் கேட்டா: "இன்னைக்கு எதைப் பத்திப் பேசறீங்க?" "வண்டு"ன்னேன். "பொருத்தமாத்தான் குடுத்திருக்காங்க. ராத்திரி பூரா லைட்டைச் சுத்தி ரீங்காரம் பண்றது நீங்கதானே!" (சிரிப்பு)

ஐயா, டெர்ரி எர்வின்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி. பனாமா நாட்டு மழைக்காட்டிலே ஒரே வகை மரம், மொத்தம் 19 மரம். நம்ம தெருவிலே கொசுவுக்குப் புகையடிப்பாங்களே, அது மாதிரி மரத்துக்குப் புகையடிச்சு, கீழே விழுந்ததை எல்லாம் பிடிச்சு எண்ணினார். அந்த ஒரு வகை மரத்திலே மட்டும் வண்டு இனங்கள் 1,100-க்கு மேலே இருக்கும்னு 1982-இல் எழுதினார். அதை வச்சு, வெப்பமண்டலக் காடுகளில் 3 கோடிக் கணுக்காலி இனங்கள் இருக்கலாம்னும் சொன்னார். பின்னாலே வந்தவங்க அந்தக் கணக்கு ரொம்ப அதிகம்னு குறைச்சாங்க. குறைச்ச பிறகும் நிலைமை என்ன? மனிதன் பெயர் வைத்த வண்டினங்கள் சுமார் 4 லட்சம். பெயர் வைக்காதவை அதைவிட அதிகம் என்றே கருதுகிறார்கள்.

எதிரணித் தோழி சொன்னாங்க: "அமேசானிலே குரங்கு பழம் தின்னு விதை போடுது, காடு வளருது." உண்மைதாம்மா. ஆனா போட்ட விதை மேலேயே கிடந்தா எலி தின்னுட்டுப் போயிடுமே! குரங்கின் சாணத்தை உருட்டி மண்ணுக்குள்ளே புதைக்கிறது வண்டு. அதோடு விதையும் புதையுது. சாப்பிட்டவர் குரங்கார், விதைச்சவர் வண்டார்! (கைதட்டல்)

"குரங்கு இல்லாட்டி வண்டுக்கு ஏது சாணம்?" கேட்பீங்க. ஒப்புக்கறேன். ஆனால், பிரேசிலில் மனாஸ் நகருக்குப் பக்கத்தில் மாட்டுப் பண்ணைக்காகக் காட்டை வெட்டி, நடுநடுவே துண்டு துண்டாக விட்டுவைத்தார்கள். 1989-இல் வந்த ஆய்வு சொல்கிறது: அந்தத் துண்டுக் காடுகளில் சாண வண்டுகள் குறைந்துவிட்டன. சாணம் மக்குவதும் தாமதப்பட்டது. வண்டு குறைந்தால் காட்டின் வேலை தேங்குகிறது.

மணி அடிச்சிட்டீங்க, முடிச்சிடறேன். எங்கம்மாவுக்கு எட்டுப் பிள்ளைகள். ஒண்ணு, பேர் வைக்கிறதுக்கு முன்னாலேயே போயிடுச்சு. ஊர்க் கணக்கிலே நாங்க ஏழு பேர். எங்கம்மா கணக்கிலே கடைசி வரைக்கும் எட்டு.

புலி செத்தா பத்திரிகையிலே படம் வரும். பெயரே வைக்காத வண்டினம் ஒரு மரத்தோடு அழிஞ்சா, அழ யார் இருக்கா? காட்டுத்தாயின் கணக்கில் அதுவும் ஒரு பிள்ளைதான். அந்தத் தாய்க் கணக்கை வைத்தே தீர்ப்புச் சொல்லுங்கள் நடுவர் அவர்களே!