"குடித்திருந்தான்" என்ற ஒரு சொல்

(தாம்பரத்தில் தொழிலாளர் கூட்டம் ஒன்றில் பேசியது)



குடியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் முன்னால் இருந்த சிலர் டீ குடிக்க எழுந்து போய்விட்டார்கள். போகட்டும், திரும்பி வருவார்கள். நான் உபதேசம் செய்ய வரவில்லை. உபதேசத்துக்கு இந்த நாட்டில் எப்போதும் பஞ்சமில்லை. விரல் போன தொழிலாளிக்குச் சேர வேண்டிய பணம் எந்த வழியாகப் போகிறது என்று சொல்லத்தான் வந்தேன்.

பல்லாவரம் பக்கம் ஒரு பிரஸ் பட்டறை. பெயர் வேண்டாம். பன்னிரண்டு மணி நேர இரவு ஷிப்டு. கண்டிராக்ட் ஆள், ஈ.எஸ்.ஐ. அட்டை கிடையாது. உற்பத்தி குறைகிறதென்று மிஷினின் தடுப்பைக் கழற்றிப் பல மாதம் ஆகிறது. விடியற்காலை நாலு மணிக்குக் கட்டை விரல் போயிற்று. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் கூட வேலை செய்தவர்கள். சூப்பர்வைசர் செய்தது ஒரே காரியம்: "குடித்திருந்தான்" என்று புத்தகத்தில் எழுதி வைத்தார்.

ஏன் எழுதினார்? வெள்ளைக்காரன் காலத்தில், 1923-ல் வந்த நஷ்டஈட்டுச் சட்டத்தில் ஒரு ஷரத்து. குடிபோதையே விபத்துக்கு நேர்க் காரணம் என்றால் முதலாளி நஷ்டஈடு தர வேண்டியதில்லை. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் அது இருக்கிறது.

கவனமாகக் கேளுங்கள். உயிர் போனாலோ, நிரந்தரமாக முழு ஊனம் ஏற்பட்டாலோ இந்தச் சாக்கு செல்லாது. குடித்திருந்தாலும் கொடுத்தே தீர வேண்டும். அதற்குக் குறைந்த காயங்களுக்குத்தான் இது செல்லும். எது குறைந்த காயம்? சட்டத்தின் அட்டவணை கட்டை விரலுக்கு 30 சதவீதம், முழுச் சுட்டுவிரலுக்கு 14 சதவீதம் என்று சம்பாதிக்கும் சக்தியின் இழப்பைக் கணக்குப் போடுகிறது. நம் பட்டறைகளில் போவது இந்த விரல்கள்தானே!

நேற்று ராத்திரி குடித்தான் என்பது போதாது. வாடை அடித்தது என்பதும் போதாது. அந்த நேரத்தில் போதையில் இருந்தான், அதனாலேயே விபத்து என்று முதலாளி நிரூபிக்க வேண்டும். தடுப்பு இல்லாத மிஷின் குடிக்காதவன் விரலையும் வெட்டும். ஆகவே ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன எழுதுகிறார் என்று படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பொய்யாகப் போதை என்று எழுதினால், உடனே ரத்தப் பரிசோதனை கேளுங்கள். மிஷினை அப்போதே போட்டோ எடுங்கள். பொழுது விடிந்தால் தடுப்பு மாட்டியிருக்கும்! இந்த அதிசயத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

குடிக்கிற தோழனுக்கும் ஒரு வார்த்தை. ஷிப்டுக்கு முன்னால் நீ குடிக்கும் ஒரு கிளாஸ், முதலாளிக்கு நீயே எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரம். உன்னால் பக்கத்து மிஷின்காரனுக்கும் ஆபத்து. இதில் தயவு தாட்சண்யம் இல்லை.

ஆனால் அவன் ஏன் குடிக்கிறான்? 1845-லேயே ஏங்கல்ஸ் இங்கிலாந்துத் தொழிலாளிகளைப் பற்றி எழுதினார்: களைத்து வருபவனுக்கு வீட்டில் சுகம் இல்லை, நாளை மீது நம்பிக்கை இல்லை, சாராயக் கடைதான் அவனுக்கு வாசல் திறந்து வைத்திருக்கிறது. பம்மலில் ஒற்றை அறையில் எட்டுப் பேர் முறை போட்டுத் தூங்குகிறார்களே, அவர்களைக் கேட்டால் இதையே சொல்வார்கள்.

சர்க்கார் என்ன செய்தது? 1937-ல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்குக் கொண்டுவந்தார்; வருமானம் குறைந்ததென்று 1939-ல் விற்பனை வரி வந்தது. 1971-ல் மதுவிலக்கு தளர்ந்தது. வரி மட்டும் நின்றுவிட்டது! 2003-ல் சில்லறைக் கடையையும் டாஸ்மாக் மூலம் சர்க்காரே எடுத்துக்கொண்டது. 2023-24-ல் மது வருமானம் 45,855 கோடி ரூபாய்; நாளொன்றுக்கு 125 கோடி. இதில் நம் கூலி எவ்வளவு என்று தாய்மார்களுக்குத் தெரியும்.

கடையை மூடினால் தீர்ந்ததா? மூடச் சொல்லிப் போராடும் பெண்கள் பக்கம்தான் நாம். ஆனால் 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்திலும் நமது செங்கல்பட்டு மாவட்டத்திலும் மெத்தனால் சாராயம் குடித்து 20 பேருக்கு மேல் மாண்டார்கள். கடை இருக்கும்போதே இந்தக் கதி.

எனவே மனுவில் நாலு கோரிக்கை வைத்திருக்கிறோம்: எட்டு மணி நேர ஷிப்டு, கழற்ற முடியாத தடுப்பு, கண்டிராக்ட் ஆளுக்கும் ஈ.எஸ்.ஐ., பட்டறை வாசலில் இருக்கும் கடையை அகற்றுவது. மனு மேஜைமேல் இருக்கிறது. கையெழுத்துப் போடுகிறவர்கள் பட்டறையின் பெயரையும் ஷிப்டையும் சேர்த்து எழுதுங்கள்.